நினைவுக்கொடை அளவெடுத்து அமையட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயுடன் வாழ்ந்து மறைந்த தாயின் நினைவாக, அவருடைய பிள்ளைகள் மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலிகள் வழங்கிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். போற்றத்தக்க செயல். ஆயினும் ஒரே அளவில் மொத்தமாக வாங்கும் நாற்காலிகள் இந்நோயாளிகள் பலருக்குப் பொருந்துவதில்லை. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைவதால் தசைகள் விறைக்கின்றன. பலருக்குத் தொடுவுணர்வும் மங்குகிறது. இருக்கை அகலமாக இருந்தால் உடல் ஒருபக்கம் சரியும். மெத்தை இல்லாவிட்டால் வலியே தெரியாமல் அழுத்தப்புண் உண்டாகிவிடும். இத்தகையோரைப் பராமரிப்பதில் நான் கண்டது, முதலில் தேவைப்படுவது நாற்காலியன்று, அளவுநாடா. இடுப்பைவிட இருக்கை ஓரிரு அங்குலமே கூடுதலாக இருக்கலாம். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே 2 அங்குல இடைவெளி வேண்டும். தொடை இருக்கையில் முழுதாகப் படியும்படி கால்தாங்கியைப் பொருத்த வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்துள்ளது. எனவே பெற்றோர் நினைவாகக் கொடை தருவோர், இயன்முறை மருத்துவரைக் கொண்டு அளவெடுத்து, ஒருவருக்கேனும் பொருத்தமான நாற்காலியை மெத்தையுடன் வழங்கலாம். அல்லது ஊர் நூலகத்துக்குச் சாய்தளம் கட்டித் தரலாம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம், இருபுறமும் கைப்பிடி. வெப்பம் இந்நோயின் தளர்ச்சியைக் கூட்டும் என்பதால், சாய்தளத்துக்கு மேற்கூரையும் அமைத்தல் நலம்.