எமன் எழுதும் மடல்: எங்களுக்கு ஓர் இரவு தாருங்கள்

நகரக் கலை, பண்பாட்டுக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன ஏப்ரல் விழாவில் ஆடிவிட்டுப் போன, சிவன் காமனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துக்காரர்களில் நானும் ஒருவன். எமன் வேஷம். என் பெயர் உங்கள் கோப்பில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. எதை வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதமே. பகலில் மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன்.  விழாவுக்குச் செலவான பணத்துக்காக மூன்று கடிதம் எழுதினேன். இரண்டு தடவை நேரில் வந்தேன். உத்தியோகத்தர் தங்கச்சி மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து, "சேர், கூட்டத்துல வச்சிருக்கோம்" என்று சொல்லி அனுப்பினார். இருபது வருடமாக எமனாக ஆடுகிறேன், ஐயா. எமனையே வாங்கில் உட்கார்த்திக் காத்திருக்க வைத்தவர்கள் நீங்கள்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வரும் மாசியில், நாங்கள் கூத்தாடும் திடலான காமன் பொட்டலிலேயே, ஒரு முழு இரவுக் கூத்துக்கு உதவுங்கள். அந்த உதவியில் பாதியையாவது கூத்தின் தொடக்கமாகக் கம்பம் ஊன்றுவதற்கு முன்னால் கையில் தாருங்கள்.

இதைக் கேட்பதற்கு இவ்வளவு பெரிய மடலா என்று நினைப்பீர்கள். ஏப்ரலில் அந்த மைதானத்தில் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் கூடாரத்துக்குள் முன்வரிசையில் இருந்தீர்கள். நாங்கள் மேடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே நின்றோம். அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஏப்ரல் மாதத்துப் பின்னேர மழை எங்கள் மலைக்குப் புதிதல்ல. அன்றைக்கும் மூன்று மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து தூறியது. எங்கள் தப்பு மேளம் என்பது தோல். ஈரம் ஏறினால் தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தப்பை அடித்தால் நனைந்த சாக்கைத் தட்டுகிற சத்தம்தான் வரும். அதற்கு வைத்தியம் ஒன்றே ஒன்று: ஒரு பிடி வைக்கோல், கொஞ்சம் மிலாறு என்கிற காய்ந்த தேயிலைக் குச்சி, ஒரு நெருப்புக்குச்சி. அனலில் நாலு புரட்டுப் புரட்டினால் தோல் இறுகிக் கணீரென்று பேசும். கூத்து நடக்கும் இரவில் பொட்டலின் ஓரத்தில் அந்த நெருப்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். தப்படிக்கிற பிள்ளைகள் முறைவைத்துப் போய்க் காய்ச்சிக்கொண்டு வருவார்கள். கூத்து தெரிந்தவர்களுக்கு இது புதுக் கதையல்ல.

மிலாறைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தோம். மேடைக்குப் பின்னால் ஒரு மூலையில் பற்றவைக்கக் குனிந்தபோது, கையில் வோக்கிடோக்கியோடு ஒருவர் ஓடிவந்தார். புல் புதிதாகப் பதித்தது, பிரமுகர்கள் இருக்கிறார்கள், நெருப்புக்கு அனுமதி இல்லை. சரி, ரோட்டோரம் போய்க் காய்ச்சிக்கொண்டு வருகிறோம் என்றோம். "இன்னும் ஏழு நிமிசத்துல உங்க ஐட்டம், வெளிய போனா உள்ள விட மாட்டோம்" என்றார். எங்களுக்குக் கூத்துப் பழக்கும் மாஸ்டருக்கு வயது எழுபத்திரண்டு. அந்த மனிதர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டதை நான் பார்த்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் யாராவது திரும்பிப் பார்த்திருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிறகு ஒலிபெருக்கிக்காரத் தம்பி வந்து, "அண்ணே, ட்ராக் இருக்கா? பென் ட்ரைவ்ல போட்டுத் தந்தா வாசிச்சிடலாம்" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உதவி செய்யத்தான் வந்தார். நாங்கள் தொய்ந்த தப்போடு மேடை ஏறினோம். தூதன் ஓடிவந்து ஓலை நீட்டும் இடத்தில் அடி எழும்பவில்லை. எமன் பாசக்கயிற்றைச் சுழற்றிக்கொண்டு வரும்போது முன்னால் தப்பு இடியாக இறங்க வேண்டும். அன்று என் காலடிச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. அறிவிப்பாளர் அம்மணி பன்னிரண்டாவது நிமிடத்திலேயே "தோட்டத்து மக்களின் வண்ணமயமான நடனத்துக்கு ஒரு கைதட்டல்" என்று முடித்துவைத்தார். முதல் தப்புக்காரன் பதினாறு வயதுப் பிள்ளை. லொறியில் திரும்பி வரும் வழியெல்லாம் அவன் பேசவேயில்லை.

தப்பைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆயத்தக் கூட்டத்தில் உங்கள் உறுப்பினர் ஒருவர், தப்புக்குப் பதில் மிருதங்கம் வைக்க முடியாதா, தப்புச் சத்தம் கேட்டால் செத்த வீட்டு ஞாபகம் வருகிறதே என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் அப்பா பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, தப்படித்தவர். விடியக்காலை இருட்டில் அவர் தப்புச் சத்தம் கேட்டுத்தான் வரிசை வீடுகளான ஏழு லயமும் எழும்பிப் பெரட்டுக்களத்துக்குப் போகும். சாமி கும்பிடவும் அந்தத் தோல்தான், சாவுக்கும் அதுதான், வேலைக்கு விரட்டவும் அதுதான். எந்தச் சாதிக்காரன் கையில் அந்தத் தோலைக் கொடுத்துவைத்தார்கள், ஏன் மிருதங்கம் கௌரவமாகத் தெரிகிறது என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்குள் இப்போது போகவில்லை.

அன்று திறந்துவைத்த சிலைக்கு வருகிறேன். நகரின் நடுவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சிலை வைத்தது நல்ல காரியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கூடைக் கயிறு தலையில்தான் விழும், ஐயா. உச்சியில் முக்காட்டை மடித்துவைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டு, பாரம் முழுவதையும் கழுத்து வாங்கும். இடுப்பில் படங்குத் துணி கட்டியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. இப்போது எத்தனையோ மலைகளில் பிரம்புக் கூடையே கிடையாது, பைதான் தொங்குகிறது, அது போகட்டும். என் வீட்டுக்காரி முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவள். சிலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இவ என்ன, பள்ளிக்கூடத்துக்கா போறா?" என்றாள். சிற்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நாள் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம். ஏப்ரலில் எங்களுக்கு நேர்ந்ததும் அதுதான். ஒரே ஒரு மாசி இரவு பொட்டலுக்கு வந்து பார்த்திருந்தால், நெருப்பு வேண்டும் என்று எங்களுக்கு முன்னால் நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

கூத்தைச் சுருக்கவே கூடாது என்று அடம்பிடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். அதைக் குறை சொன்னவர்களும் உண்டு, கொண்டாடியவர்கள் அதைவிட அதிகம். ஆனால் அவர் முதலில் கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தார், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். எதைச் சுருக்குகிறோம் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு வந்தது "கால அளவு: 20 நிமிடம்" என்ற ஒரு வரி. அதுவும் சிங்களத்தில். பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் நண்பர்தான் வாசித்துச் சொன்னார். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, ரதிக்கும் மதனுக்கும் காப்புக்கட்டி, பௌர்ணமிவரை விரதம் இருந்து ஆடுகிற கூத்தை ஏப்ரலில் ஆடலாமா என்பதற்கே எங்கள் லயத்தில் இரண்டு கட்சி. பெரியவர்கள் சிலர் வரவே மாட்டோம் என்றார்கள். காமனை எரிக்க மாட்டோம், தூதனும் எமனும் வரும் பகுதியை மட்டும் காட்டுவோம் என்று நான்தான் சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பெரியவர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பதுகூட இல்லை.

பணக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. செலவு செய்துவிட்டு ரசீது கொடுத்தால் திருப்பித் தருவோம் என்பது உங்கள் விதி. லொறிக்கு 18,000 ரூபாய். தோட்டத்து மரண சகாய சங்கத்தில் கைமாற்றாக வாங்கினோம். எமன் மரண சங்கத்தில் கடன் வாங்கினான் என்று லயத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். ரசீது கொடுத்தோம். லொறிக்காரருக்கு வியாபாரப் பதிவு இலக்கம் இல்லை என்று திரும்பி வந்தது. தப்புக்குத் தோல் பதப்படுத்தித் தருபவர் தன் வீட்டுக் கொல்லையில் வேலை செய்கிறார். அவரிடம் இலக்கம் போட்ட பில் புத்தகம் கேட்டால் எங்கே போவார்? மிலாறுக்கு ரசீது கேட்கவில்லை. அதற்கு நன்றி. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கென்று வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அப்படிப்பட்ட நாட்சம்பளத்தை அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டு எங்கள் குழுவில் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கு உங்கள் படிவத்தில் நிரலே இல்லை.

பணம் வரவில்லை, சான்றிதழ் வந்தது. மூன்று மொழியில், தங்கக் கரை போட்டு, இருபத்திரண்டு சான்றிதழ். ரதியாக ஆடிய தம்பி கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான். அவனுக்கு வந்ததில் "செல்வி" என்று போட்டிருந்தது. வேஷம் அவ்வளவு பொருத்தம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

புதிய விண்ணப்பப் படிவத்தையும் பார்த்தேன். தனிநடனம், குழுநடனம், நாடகம், இசை என்று நாலு பெட்டி. கூத்து எந்தப் பெட்டியிலும் அடங்காது. நாடகம் என்று அடையாளமிட்டால் எழுத்துப் பிரதி மூன்று கேட்கிறது. எங்கள் பிரதி மாஸ்டரின் தலைக்குள் இருக்கிறது. மூன்று தலை அவரிடம் இல்லை. பொது அரங்காற்றுகைகளுக்கான சட்டம் 1912இல் வெள்ளைக்காரன் போட்டது. வெள்ளைக்காரத் தொரை பொட்டலுக்கு வந்து பிரதி கேட்டதாக எங்கள் பாட்டன்மார் யாரும் சொன்னதில்லை.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் 1959இலேயே கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் செய்ததாம். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கத் தேடியபோது வாசித்தேன். நாங்கள் அதையெல்லாம் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், 2018இல் நம் நாட்டு ரூக்கட பொம்மலாட்டத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அம்பலாங்கொடைப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் ஆட்டி வந்ததற்குக் கிடைத்தது அது. மனதாரச் சந்தோஷம். எங்களுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. 2023இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று ஊரூராக விழா எடுத்தபோது எங்கள் பெயர் எல்லாப் பட்டியலிலும் இருந்தது, பெரும்பாலும் "வரவேற்பு நிகழ்வு" என்ற இடத்தில். பிரமுகர் வாகனம் வந்து நிற்கும்வரை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் இறங்கி உள்ளே போனதும் நிறுத்திவிட வேண்டும். இருநூறு வருடத்துப் பாரம்பரியம் வாகனக் கதவில் தொடங்கி மண்டப வாசலில் முடிந்துவிடும்.

கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். 2019 நவம்பரில், தேர்தல் முடிந்த கையோடு, நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் படம் வரைந்தார்களே, நினைவிருக்கிறதா? அப்போது நம் நகரத்துச் சுவர்களில் வரைந்தவர்களில் என் மாணவர்களும் இருந்தார்கள். பெயிண்ட் வாளியைக் கடைக்காரர் கொடுத்தார், சாப்பாட்டை அயல்வீட்டார் கொடுத்தார்கள், ரசீதை யாரும் கேட்கவில்லை. அந்தப் படங்கள் மழையில் உரிந்துவிட்டன, சிலது பார்க்க நன்றாகவும் இல்லை. ஆனாலும் வரைந்து முடித்தார்கள். முதலில் கொடுத்தார்கள், பிறகு பார்த்தார்கள்.

அதைத்தான் நாங்களும் கேட்கிறோம். எங்களை நகரத்துக்குக் கூப்பிட வேண்டாம். நீங்கள் மேலே வாருங்கள். மாசிப் பௌர்ணமி இரவு, பொட்டலில், ரதி மதன் கல்யாணம் தொடங்கி விடியற்காலைத் தகனம் வரைக்கும் ஓர் இரவு. எங்களுக்கு வேண்டியது நாலு பெரிய மின்விளக்கு, ஒரு ஜெனரேட்டர், எட்டுத் தப்புக்குத் தோல், வேஷச் சாமான், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வந்து போக பஸ் காசு, இரவு முழுக்கத் தேத்தண்ணியும் ரொட்டியும். தோட்ட நிர்வாகத்திடம் பொட்டலுக்கு அனுமதி வாங்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்; ஆனால் உங்கள் தலைப்பிட்ட கடிதம் ஒன்று இருந்தால் தொரை என்னை இரண்டாவது தடவை வரச் சொல்ல மாட்டார். செலவுக் கணக்கை மாஸ்டரும் நானும் தோட்டத்துக் கோயில் தலைவரும் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். இலக்கம் போட்ட பில் எவரிடம் இருக்கிறதோ அவரிடம் அதையும் வாங்கித் தருகிறோம். போன வருடத்து 18,000 ரூபாயை இந்த மடலில் கேட்கவில்லை. அதற்குத் தனிக் கடிதம் உங்கள் மேசையில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது.

பாதிப் பணம் கம்பம் ஊன்றுவதற்கு முன்னால் வர வேண்டும். மற்றப் பாதி காமன் எரிந்த பிறகு வந்தாலும் காரியமில்லை.

குளிருக்குக் கம்பளி கொண்டுவாருங்கள். பொட்டலில் கதிரை கிடையாது. சாக்கு விரித்துத் தருவோம், நெருப்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறோம். மிருதங்கம் கேட்ட ஐயாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கு மாஸ்டர் பக்கத்திலேயே இடம்.

தயவுசெய்து பதிலைத் தை பிறப்பதற்கு முன்னால் அனுப்புங்கள். தோல் பதமாக ஆக நாள் பிடிக்கும்.

இப்படிக்கு,
மேல் டிவிசன் காமன் கூத்துக் குழுவுக்காக,
எமன் வேஷக்காரன்