பூட்டு எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மிகப்பெரிய பகா எண் ஒன்று பிடிபட்டால் போதும், ‘இனி வங்கிக் கணக்குகளுக்கு இன்னும் பாதுகாப்பு’ என்று செய்தியில் ஒரு வரி சேர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, 4,10,24,320 இலக்கங்கள். இணையத்தில் போகும் தகவலைப் பூட்டும் ஆர்எஸ்ஏ என்ற முறையில், 2048 பிட் சாவிக்கு வேண்டியதோ தலா சுமார் 309 இலக்கத்தில் இரண்டு பகா எண்கள். அவற்றின் பெருக்கற்பலன் வெளியே தெரியும்; அவை மட்டும் யாருக்கும் தெரியாதவையாக இருக்க வேண்டும். ஊரறிந்த எண்ணை வைத்து என்ன பூட்டுவது?

ஓர் எண் பகா எண்ணா என்று சோதிப்பது எளிது, அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது கடினம். பூட்டின் பலம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நம்மூர் பின்கோடுகளிலேயே இதைப் பார்க்கலாம். ஏற்காடு 636601 ஏழாலேயே உடைந்துவிடும்: 7 × 199 × 457. சேலம் தலைமை அஞ்சலகத்தின் 636001 அப்படி மசியாது. 2, 3, 5 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துப் போனால், 118-ஆவதான 647 வரும்போதுதான் மீதி பூஜ்யமாகும்: 647 × 983.

வகுக்காமலும் சோதிக்கலாம். n ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 2-இன் (n−1)-ஆம் அடுக்கை n-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். இது ஃபெர்மா என்ற கணித அறிஞர் சொன்னது. 636000-ஐ இரும எண்ணாக எழுதினால் 20 இலக்கம். 2-இல் தொடங்கி, முதல் இலக்கத்தை விட்டு, அடுத்த ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒருமுறை வர்க்கப்படுத்துங்கள். இலக்கம் 1 என்றால் இரட்டிப்பாக்குங்கள். உடனே 636001-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எடுக்காமல் போனால் ஆறாவது வர்க்கத்திலேயே 12 இலக்கக் கால்குலேட்டர் கைவிட்டுவிடும். மொத்தம் 19 வர்க்கங்கள்தான். கடைசி மீதி 1 அல்ல. ஆகவே பகு எண். ஆனால் 647 பற்றி இந்தக் கணக்கு மூச்சுவிடாது!

மீதி 1 வந்துவிட்டால் பகா எண் என்று முடிவு கட்டவும் கூடாது. 561 என்பது 3 × 11 × 17; இருந்தும் இந்தச் சோதனையில் தேறிவிடும். 2024-இன் எண்ணும் முதலில் ஃபெர்மா சோதனையில் தேறி, பிறகு லூகாஸ்-லேமர் சோதனையில்தான் உறுதியானது. அதன் முறை: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து மீதி எடுப்பது. 127-க்கு 4, 14, 67, 42, 111, 0 என்று வரும். பூஜ்யத்தில் முடிந்தால் பகா எண். 2-இன் அடுக்கில் ஒன்று குறைவான எண்களுக்கு மட்டுமே இந்தச் சோதனை செல்லும்; சாதனை எண்கள் பெரும்பாலும் அந்த வகையாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

சாவி செய்பவர்கள் சறுக்கும் இடம் வேறு. இரண்டு பகா எண்களும் அருகருகே இருந்தால் காரணி காண்பதும் எளிதாகிவிடும். 798, 799 என்று ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்தி 636001-ஐக் கழித்துப் பாருங்கள். பதினெட்டாவதாக 815 வரும்போது மிஞ்சுவது 28224. அது 168-இன் வர்க்கம். 815−168, 815+168: இரண்டு காரணிகளும் கையில்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது, வங்கிப் பூட்டு வரியை எடுத்துவிட்டு, எந்தச் சோதனையில் உறுதியானது என்பதைப் போடக் கேட்டுக்கொள்கிறேன்.

– கணித ஆசிரியர், அஸ்தம்பட்டி, சேலம்