நாள் கணக்கை கேம் திறந்த பிறகு தொடங்குங்கள்: பிசி கேம் கடைகளுக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

பிசி கேம்களை இணையத்தில் விற்கும் கடைகளின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

வாங்கிய நாளிலிருந்து 14 நாள் கடந்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது, தங்கள் புரிதலுக்கு நன்றி. போன வாரம் உங்களில் ஒரு கடையிடமிருந்து எனக்கு வந்த பதில் இது. எந்தக் கடை என்று இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் விதி உங்களில் பலருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், இதே பதிலை யார் வேண்டுமானாலும் எழுதியிருப்பீர்கள். புரிதலுக்கு நன்றி என்கிறீர்கள், எனக்குப் புரியவில்லை. அந்த 14 நாளில் நான் அந்த கேமை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, அது என் லேப்டாப்புக்குள் வந்து சேரவே இல்லை.

நான் இருப்பது ஏற்காட்டில், ஒண்டிக்கடை தாண்டி நாகலூர் போகிற பக்கம். டவுனுக்குள் ஃபைபர் இருக்கிறது, லாட்ஜுகளுக்கு இருக்கிறது, எங்கள் வரிசை வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. கேட்டால் கம்பம் நடணும், எஸ்டேட்காரர்களிடம் அனுமதி வாங்கணும், பார்க்கலாம் தம்பி என்கிறார்கள். ஆகவே மொபைல் டேட்டாதான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போவதற்குள் டீ ஆறிவிடும். 5ஜி வந்துவிட்டதே என்று சொல்லாதீர்கள், இந்த மலையில் ஒரு வளைவில் கிடைக்கிற சிக்னல் அடுத்த வளைவில் கிடைக்காது.

இப்போது தயவுசெய்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய கேம் என்றால் இன்று 100 ஜிபி சாதாரணம், அதையும் தாண்டுகிறவை நிறைய. நாளொன்றுக்கு 2 ஜிபி என்றால், வீட்டில் வேறு யாரும் எதையும் பார்க்காமல் மொத்தத்தையும் இதற்கே கொடுத்தாலும் 50 நாள் ஆகும். நீங்கள் தருகிற 14 நாளில் இறங்குவது 28 ஜிபி. நூறில் இருபத்தெட்டு பங்கு வந்து சேர்ந்திருக்கும்போது, இந்தப் பொருள் உனக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்லும் கெடு முடிந்துவிடுகிறது.

அதனால் மலையில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலம் இறங்குகிறோம். எனக்கு அம்மாப்பேட்டையில் மாமா வீடு இருக்கிறது, அங்கே ஃபைபர் உண்டு. ராத்திரி முழுக்க டவுன்லோட் போட்டுவிட்டு, காலையில் லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்கையும் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்தபடியே ஏறி வர வேண்டும். உறவுக்காரர் வீடு இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த முறை நடந்தது இதுதான். தீபாவளி சமயத்தில் ஆஃபர் போட்டீர்கள். ஆஃபர் முடிவதற்குள் வாங்கினால்தான் அந்த விலை, ஆகவே வாங்கிவிட்டேன். அப்புறம் ஐப்பசி மழை. இங்கே இடி இடித்தால் கரண்ட் போய்விடும், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். வேலையில் லீவு கிடைத்து நான் சேலம் போய்ச் சேர்ந்தபோது உங்கள் 14 நாள் எப்போதோ முடிந்திருந்தது. டவுன்லோட் 97 சதவீதத்தில் நின்று, சரிபார்க்கிறது, சரிபார்க்கிறது என்று விடியும்வரை சுற்றியது. எப்படியோ முடித்து மேலே கொண்டுவந்து திறந்தால், முதலில் லாஞ்சருக்கு, அதாவது கேமைத் திறந்துவிடும் துணை மென்பொருளுக்கு, ஒரு அப்டேட் வேண்டும் என்றது. அதை முடித்தால் கேமுக்கு ஒரு அப்டேட், அன்றைய டேட்டா அதோடு சரி. மறுநாள் ஷேடர் கம்பைல் ஆகிறது என்று, அதாவது கேமின் காட்சிகளை என் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி தயார் செய்கிறது என்று, ஒரு பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது. அது முடிந்து முதல் காட்சி வருவதற்குள் திரை கறுத்து கேம் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தாலும் அதேதான். குறைந்தபட்சத் தேவை என்று உங்கள் பக்கத்தில் போட்டிருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுதான் என்னிடம் இருப்பதும். லைப்ரரியில், அதாவது நான் வாங்கிய கேம்களின் பட்டியலில், போய்ப் பார்த்தால், விளையாடிய நேரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் என்று காட்டுகிறது. எதை விளையாடினேன்? அந்தப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் கோரிக்கையை நேராகவே வைக்கிறேன். ரீஃபண்டுக்கான நாள் கணக்கை, வாங்கிய நாளில் தொடங்காமல், கேம் முதன்முதலாக எங்கள் கம்ப்யூட்டரில் திறந்த நாளில் தொடங்குங்கள். லாஞ்சர் அப்டேட்டும் ஷேடர் கம்பைலும் ஓடுகிற நேரத்தை விளையாடிய நேரத்தில் சேர்க்காதீர்கள். இவ்வளவுதான்.

இதில் உங்களுக்குச் செய்யத் தெரியாதது எதுவும் இல்லை. உங்களில் ஒரு கடையான ஸ்டீம் 2015 ஜூனில் ரீஃபண்ட் முறையைக் கொண்டுவந்தது, 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் கேள்வி கேட்காமல் பணம் திரும்பும் என்று. அதே ஸ்டீமில் வெளிவராத கேமை முன்கூட்டியே வாங்கினால், 14 நாள் கணக்கு அது வெளியாகும் நாளில்தான் தொடங்குகிறது. கையில் வராத பொருளுக்குக் கெடு ஓடக்கூடாது என்பதை நீங்களே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? ஆன்லைனில் ஒரு சட்டை வாங்கினால்கூட, திருப்பி அனுப்புவதற்கான நாளை பார்சல் வீட்டுக்கு வந்ததிலிருந்துதான் எண்ணுகிறார்கள். லாரி எங்கோ ஓமலூர் பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே கெடு முடிந்துவிட்டது என்று எந்தக் கடையும் சொல்வதில்லை.

கடைகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன், எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஜிஓஜி என்ற கடை 2020லிருந்து 30 நாள் தருகிறது, டவுன்லோட் செய்து விளையாடிப் பார்த்த பிறகும் திருப்பித் தரலாம். அதைவிட எனக்குப் பெரிய விஷயம், அவர்கள் இன்ஸ்டாலரைத் தனிக் கோப்பாகவே கொடுத்துவிடுகிறார்கள். சேலத்தில் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டு வந்து, மலையில் நெட்டே இல்லாமல் இன்ஸ்டால் பண்ணி விளையாடலாம். என்னைப் போன்றவனுக்கு இதற்கு மேல் ஒரு கடையிடம் கேட்க ஒன்றுமில்லை, ஆனால் புதிதாக வரும் பெரிய கேம்களில் பல அங்கே வருவதில்லை. ஸ்டீமில் இன்ஸ்டால் ஆன கேமை பேக்கப் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் போடலாம், 2023லிருந்து ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தும் இழுத்துக்கொள்ளலாம், 2015லிருந்து ரூபாயில் விலை, யுபிஐயும் உண்டு. இவற்றுக்கெல்லாம் நன்றி, மனதாரத்தான் சொல்கிறேன். எபிக் நிறுவனம் 2018 டிசம்பரில் கடை திறந்தபோது, விற்ற பணத்தில் ஸ்டீம் 30 சதவீதம் எடுக்கிறது, நாங்கள் 12 சதவீதம்தான் எடுப்போம் என்றது. கேம் உருவாக்குகிறவர்களுக்கு அது நல்ல செய்தி, மறுக்கவில்லை. வாராவாரம் இலவசமாக கேமும் தருகிறார்கள். ஆனால் ரீஃபண்ட் என்று வந்தால் அங்கேயும் அதே 14 நாள், அதே 2 மணி நேரம், அதுவும் வாங்கிய நாளிலிருந்துதான். கமிஷனில் போட்டி போடுகிறீர்கள், இலவசத்தில் போட்டி போடுகிறீர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள்?

கேமைத் தனியாக வாங்காமல், மாதம் ஒரு தொகை கட்டிப் பல கேம்களை ஆடுகிற மாதச் சந்தாவை வாங்கிக்கொள் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். சந்தா தொடங்கிய நிமிடத்திலிருந்து மாதம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. 2 ஜிபியில் நான் ஒரு கேமை இறக்கி முடிப்பதற்குள் அடுத்த மாதக் காசு எடுத்துக்கொள்ளப்படும்.

உறவுக்காரர் வீடு இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்றேனே, அவர்கள் கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி, போட்டுக்கொள்கிறார்கள். இதை ஞாயப்படுத்தச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கிராக் போட்ட கேம் சுருக்கப்பட்டு, சில சமயம் பாதி அளவுக்குக்கூட வருகிறது, வேண்டாத மொழிகளின் குரல் கோப்புகளை விட்டுவிடலாம், ஹார்ட் டிஸ்கில் கைமாறி ஊர் ஊராகப் போகிறது, எந்தக் கெடுவும் கிடையாது. காசு கொடுத்து, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் கொடுத்து வாங்குகிற எனக்கு, நான் கேட்கவே போகாத ஏழெட்டு மொழிகளின் குரலும் சேர்ந்து இறங்குகிறது. இங்கே நண்பர்கள் என்னைப் பார்த்து எதுக்குடா காசு கொடுக்கற என்று கேட்கும்போது, உருவாக்கினவங்களுக்குப் போகணும்ல என்று ஒவ்வொரு முறையும் உங்கள் பக்கம் நின்றுதான் பேசுகிறேன். அப்படிப் பேசுகிறவனிடம் நீங்கள் இப்படி நடந்துகொள்ளக் கூடாது.

வீட்டில் அம்மாவுக்கு இன்னொரு கவலை. போனில் கேம் என்ற பெயரோடு யுபிஐ கழிந்த எஸ்எம்எஸ் வந்தாலே ரம்மியா என்று கேட்கிறார். தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியால் எத்தனை குடும்பங்கள் நொந்தன என்பது ஊரறிந்தது, பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை ஒன்றிய அரசு 2025ல் சட்டம் போட்டே தடை செய்தது, ஆகவே அவர் கேட்பதில் தப்பில்லை. இது வேறம்மா, இதில் சூதாட்டம் இல்லை, வாங்கினால் நம்முடையது, சரியில்லாவிட்டால் திருப்பித் தந்துவிடலாம் என்று சொல்லித்தான் நம்ப வைத்திருந்தேன். வாங்கினால் நம்முடையது என்பதும் இப்போது உறுதியில்லை. 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் திறக்க முடியாமல் போனது. நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, உரிமத்தைத்தான் என்று அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதி வைத்தது, அதுவும் கலிபோர்னியாவில் சட்டம் வந்த பிறகு. எனக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்கு, நான் திறந்தே பார்க்காத ஒன்றுக்கு, கெடு மட்டும் என் பெயரில் ஓடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள், வாங்கி வைத்துவிட்டு ஒரு வருஷம் கழித்து வந்து பணம் கேட்பார்கள் என்று நீங்கள் பயப்படலாம். அது நியாயமான பயம்தான். ஆறு மாதம் என்று வெளி வரம்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். 2 மணி நேர விதி அப்படியே இருக்கட்டும், அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கேம் திறந்ததா, எத்தனை நிமிடம் ஓடியது என்பதெல்லாம் உங்கள் கணினிகளுக்கு ஏற்கெனவே தெரியும், நான் கேட்பது அந்தத் தேதியை எடுத்துப் பயன்படுத்துங்கள் என்பதுதான்.

நீங்களாகவே செய்தால் நல்லது என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் ஆணையம் 2014ல் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது ரீஃபண்ட் விஷயத்தில் வழக்குப் போட்டு, 2016 டிசம்பரில் நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்த கதை உங்களுக்குத் தெரியும். இங்கேயும் 2020ஆம் ஆண்டின் மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருந்தபடி இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கிறவர்களையும் அவை சேர்த்துத்தான் சொல்கின்றன. புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். எனக்குப் பதில் அனுப்பிய கடையின் பக்கத்தில் அப்படி ஒரு பெயரைத் தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் என் புகாரைப் பதிந்திருக்கிறேன். அது உங்களை மிரட்டுவதற்கு இல்லை, வேறு எங்கே சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஸ்டீம் கடை தாய்லாந்து மொழியில் திறக்கிறது, வியட்நாம் மொழியில் திறக்கிறது, இந்திய மொழி ஒன்றில்கூடத் திறப்பதில்லை. ரீஃபண்ட் விதியை ஒரு பக்கம் தமிழில் எழுதிப் போட்டிருந்தால், இந்த மலையில் முதல் தடவையாக கேம் வாங்கப் போகும் ஒரு பையன், ஆஃபர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே தன் 2 ஜிபியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பான். அதையும் முடிந்தால் செய்து கொடுங்கள்.

எனக்கு அந்த ஒரு கேமின் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தந்தால் வாங்கிக்கொள்வேன், ஆனால் கோரிக்கை அது இல்லை. நாகலூரிலும் வாழவந்தியிலும் கொட்டச்சேட்டிலும் என்னைப் போல டேட்டாவை எண்ணி எண்ணி டவுன்லோட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இந்த நாட்டில் இது போன்ற மலையும் ஒன்றிரண்டு இல்லை. நாள் கணக்கை கேம் திறந்ததிலிருந்து எண்ணுங்கள். உங்கள் அடுத்த பெரிய ஆஃபர் வருவதற்குள் இதை மாற்றி, மாற்றியதை எங்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அறிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் எல்லாக் கடைகளிலும் கணக்கு வைத்திருக்கும் ஏற்காட்டு வாடிக்கையாளன்