அனுமதி கொடுத்தது நான், எண்கள் அவர்களுடையவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிய போன்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் அறிமுகக் கட்டுரைகளை நான் விடாமல் படிப்பேன். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், வெயிலில் திரை தெரியுமா என்று பொறுமையாக எழுதுகிறீர்கள். சமூக வலைத்தள வசதி என்று வரும்போது மட்டும் 'முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் தடையில்லாமல் இயங்குகின்றன' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் மனநல ஆலோசகர். என்னிடம் வருகிறவர்களில் பலர் வீட்டில்கூடச் சொல்லாமல் வருபவர்கள். அவர்களுடைய எண்களை நான் முழுப் பெயரோடு சேமித்ததே இல்லை. முதலெழுத்து, முதலில் வந்த மாதம், அவ்வளவுதான். போன் யார் கையில் கிடைத்தாலும் ஒன்றும் புரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு போன் மாற்றினேன். பழைய போனில் இருந்த எல்லாமே தானாகப் புதியதற்கு வந்து சேர்ந்தது. ஒரு சமூக வலைத்தளச் செயலியைத் திறந்ததும், நண்பர்களைக் கண்டுபிடிக்க உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா என்று கேட்டது. வெளியே ஒருவர் காத்திருந்தார். அவசரத்தில் 'அனுமதி' என்பதை அழுத்திவிட்டு அவரை உள்ளே அழைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, நெடுநாளாக என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண் உட்கார்ந்ததும் தன் போனை நீட்டினார். 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்ற வரிசையில் ஓர் ஆணின் முகம். "மேடம், இவரை இங்கே வெளியே நாற்காலியில பார்த்திருக்கேன். இவர் பேர் எனக்கு எப்படி வருது? அப்போ என் பேர் அவருக்குப் போயிருக்குமா?" என்று கேட்டார். என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. என் போனால்தான் இது நடந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவரை அந்த இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் நான் ஒருத்திதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தார். அப்புறம் வரவில்லை.

பெயரை மறைத்தது எதற்கும் உதவவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. இந்தச் செயலிகளுக்கு நாம் வைக்கும் பெயர் தேவையே இல்லை, எண்ணே போதும். கணக்குத் தொடங்கும்போது அவரவர் கொடுத்த எண்ணோடு நம் பட்டியலில் இருக்கும் எண்ணைப் பொருத்திப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். ஒரே பட்டியலில் பலருடைய எண்கள் இருந்தால், அவர்களுக்குள்ளும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று கணக்குப் போட முடியும்.

ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லியே போன் விற்றார்கள். 2009-இல் வந்த பாம் பிரீ, முகநூல் நண்பர்களையும் மின்னஞ்சல் தொடர்புகளையும் ஒரே பட்டியலாகச் சேர்த்துக் காட்டியது. 2011-இல் எச்டிசி, முகநூலுக்கென்றே தனிப் பொத்தான் வைத்த போன்களை வெளியிட்டது. அந்தப் பொத்தான் எனக்குப் பிடித்திருந்தது. அழுத்தினால் எங்கே போகிறோம் என்று தெரியும், கண்ணுக்குத் தெரிகிற கதவு அது. இப்போது கதவு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

2012-இல் பாத் என்ற செயலி, கேட்காமலேயே பயனர்களின் முகவரிப் புத்தகத்தை முழுக்கத் தன் சர்வருக்கு எடுத்துக்கொண்டது வெளியே வந்தது. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 6-இலிருந்து, தொடர்புகளைப் பார்க்கும் முன் செயலிகள் ஐபோன்காரர்களிடம் அனுமதி வாங்கியாக வேண்டும் என்றானது. ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்துதான், செயலியை நிறுவும்போது மொத்தமாகக் கேட்காமல் ஒவ்வொரு அனுமதியையும் தேவைப்படும் நேரத்தில் கேட்கும் முறை வந்தது. 2024-இல் ஐஓஎஸ் 18 இன்னும் ஒரு படி போய், குறிப்பிட்ட சில தொடர்புகளை மட்டும் காட்டலாம் என்ற வசதியைக் கொடுத்தது. எல்லாம் நல்ல மாற்றங்கள், சரி. ஆனால் கேள்வி இன்னமும் போன் வைத்திருப்பவரிடம்தான் கேட்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களிடம் யாருமே கேட்பதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். என்னைப் பற்றிய விவரத்தைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. அந்தப் பெண்ணின் எண்ணைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை?

போனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வெளியூருக்குப் போனவர்களோடு வீடியோ அழைப்பில் பேசுகிறேன். நேரில் சொல்ல வாய் வராததை நள்ளிரவில் குரல் செய்தியாக அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் வேலைக்கு அது பெரிய உதவி.

இப்போது அவர்களுடைய எண்களெல்லாம் ஒரு நோட்டில் இருக்கின்றன. எண்ணைச் சேமிக்காமலேயே வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்க முடிகிறது. எல்லாச் செயலிகளுக்கும் தொடர்புகளின் அனுமதியை எடுத்துவிட்டேன். ஆனால் அனுமதியை எடுத்தால் இனிமேல் போவதுதான் நிற்கும், ஏற்கெனவே போனது அங்கேயே இருக்கும். பதிவேற்றிய தொடர்புகளை நீக்கும் இடம் கணக்கின் அமைப்புகளுக்குள் வேறெங்கோ இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. தொடர்ந்து பதிவேற்றும் வசதியை அணைக்காமல் நீக்கினால், பட்டியல் திரும்பவும் ஏறிவிடும்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு போனை அறிமுகப்படுத்தும்போது, அதை முதலில் இயக்கியதும் என்னென்ன கேட்டது என்று எழுதுங்கள். முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும் சமூக வலைத்தளச் செயலிகளை முழுக்க நீக்க முடிகிறதா, முடக்க மட்டும்தான் முடிகிறதா என்று சொல்லுங்கள். தொடர்புகளில் சிலவற்றை மட்டும் காட்ட வழி இருக்கிறதா, மறுத்துவிட்டால் செயலி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள். கேமராவுக்கு நான்கு பத்தி ஒதுக்குகிறீர்கள், இதற்கு ஒரு பத்தி போதும்.

உங்கள் செய்தியாளர்களின் போனிலும், பெயர் வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பேசியவர்களின் எண்கள் இருக்கும். இந்தக் கடிதத்தை அச்சிட இடமில்லை என்றாலும், அந்தச் செய்தியாளர்களிடம் மட்டுமாவது காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகராகப் பணிபுரியும் உங்கள் வாசகி