வறண்ட நடுப்பகலில் வந்து பாருங்கள்: எங்கள் மின் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உதவிப் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊரில் வாய்க்கால் பாலத்தை ஒட்டி நிற்கும் 11 கிலோவோல்ட் மின்கம்பத்தில் தாவும் மின்பொறி என் வானொலியில் பெரும் இரைச்சலை எழுப்புவதைப் பற்றி நான் கொடுத்த மனுக்கள் தங்கள் மேசைக்கு வந்தவைதாம். அவற்றின் நகலும் ஒப்புகைச் சீட்டும் என்னிடம் இருக்கின்றன. ஆகவே பழைய விவரங்களை மறுபடி அடுக்கித் தங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. சென்ற வாரம் என் கைப்பேசிக்கு வந்த ‘தங்கள் புகார் நிவர்த்தி செய்யப்பட்டது’ என்ற குறுஞ்செய்திதான் இந்த மடலைப் பொதுவில் எழுத வைத்தது. புகார் நிவர்த்தி செய்யப்படவில்லை. அந்தக் கம்பத்தில் யாரும் ஏறவே இல்லை.

நடந்தது இதுதான். தங்கள் ஊழியர்கள் இருவர் ஒரு சாரல் நாளில் வந்தார்கள். கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ‘சத்தமே இல்லையே’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாரலில் அந்தச் சத்தம் இருக்காது என்பதை நான் முதல் மனுவிலேயே எழுதியிருந்தேன். கம்பத்தின் மேல் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் காப்பானோடு அதைப் பிணைக்கும் கட்டுக்கம்பி தளர்ந்தாலும், குறுக்குச் சட்டத்தின் போல்ட் தளர்ந்தாலும், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விழுகிறது. காற்று காய்ந்திருக்கும்போது அந்த இடைவெளியில் மின்பொறி ஓயாமல் தாவுகிறது. நனைந்தவுடன் ஈரமே அந்த இடைவெளிக்குப் பாலமாகிவிடுவதால் பொறி அடங்குகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊர்க் கம்பிகளை ஆண்டில் பாதி நாள் உலுக்குகிறது. அங்கே எந்தக் கட்டும் என்றைக்கும் இறுக்கமாக இருந்துவிடாது என்பதைத் தங்கள் லைன்மேன்களே என்னைவிட நன்றாக அறிவார்கள். எனவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: மழையோ சாரலோ இல்லாத ஒரு வறண்ட நாளின் நடுப்பகலில் வந்து அந்தக் கம்பத்தைச் சோதித்து, தளர்ந்ததை இறுக்கி, பீங்கானில் விரிசல் இருந்தால் மாற்றித் தர வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். பகல் வேளையில் தொலைதூர மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலி நிலையங்களைப் பிடிப்பது என் பல்லாண்டுப் பொழுதுபோக்கு. இரவில் அது எவர்க்கும் எளிது. வானத்து அயனி அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வந்து இறங்கும். பகலிலோ, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் உருவாகும் அடுக்கு, மேலே செல்லும் மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. தரையைத் தழுவி வரும் அலை ஒன்றுதான் மிச்சம். அது வயலையும் பொட்டலையும் பாறையையும் கடந்து, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தேய்ந்து, மிக மெலிந்துதான் வந்து சேரும். திருநெல்வேலியின் 1197 கிலோஹெர்ட்ஸும் தூத்துக்குடியின் 1053-ம் எங்களுக்குப் பக்கத்து வீடு. மலைக்கு அந்தப்புறம் ஆலப்புழையின் 576 தன் பெரிய ஆற்றலால் வந்துவிடும். ஆனால் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சிராப்பள்ளியின் 936-ஐ நண்பகலில் பிடிப்பதும், மலைத்தொடர் முழுதும் குறுக்கே நிற்கத் திருச்சூரின் 630-ஐப் பிடிப்பதும் பொறுமையையும் நிசப்தத்தையும் கேட்கிற வேலை. மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய சுருள் ஆண்டெனாவை இம்மியளவு திருப்பி, நிலையம் மாற்றும் கேங் கண்டன்சரை மெல்ல நகர்த்தி, நிலையத்தின் பெயர் காதில் விழும் வரை காத்திருக்க வேண்டும். இடி முழக்கம் குறைந்த மார்கழி, தை, மாசி மாதங்களே இதற்கு உகந்தவை. அந்தக் கம்பம் மிக மோசமாகப் பொறிவதும் அதே காய்ந்த மாதங்களில்தான்.

அந்த இரைச்சல் எத்தகையது என்பதைத் தாங்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சங்களில் பொறி தாவுவதால், நொடிக்கு 100 வெடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ‘கர்ர்ர்’ என்று அறுக்கும் ஒலியாகின்றன. அது 531 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1602 வரை, மத்திய அலைவரிசை முழுவதையும் ஒரே சீராக மூடிக்கொள்கிறது. எந்தக் கம்பம் என்பதை நான் ஊகத்தால் சொல்லவில்லை. சிறிய டிரான்சிஸ்டர் பெட்டிக்குள் ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை இரைச்சல் வரும் திசையை நேராக நோக்கும்போது ஒலி சட்டென்று தாழும். வீட்டு மாடியிலிருந்து ஒரு கோடு, பள்ளிக்கூடத்து மதிலருகிலிருந்து ஒரு கோடு, வாய்க்கால் கரையிலிருந்து ஒரு கோடு என்று திசை பிடித்துக்கொண்டே நடந்தேன். மூன்றும் சந்தித்த இடத்தில் அந்தக் கம்பம் நின்றது. அடியில் நின்றால் பெட்டியில் வேறு எந்த ஒலியும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலான சான்று தங்கள் அலுவலகம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைதான். அந்த அறிவிப்பைக் கண்டால் ஊரே சலித்துக்கொள்ளும். மாவு ஆட்ட முடியாது, தண்ணீர் ஏற்ற முடியாது. நான் மட்டும் நாள்காட்டியில் அதை வட்டமிட்டு வைக்கிறேன். காலை 9 மணிக்கு மின்சாரம் நின்ற அந்த நொடியில் இரைச்சல் அறுபடுகிறது. பேட்டரியில் ஓடும் என் பெட்டியில், அதுவரை இருந்த இடமே தெரியாத திருச்சி நிலையம் மெல்லிய குரலில், ஆனால் ஒரு சொல்கூடத் தவறாமல் பேசத் தொடங்குகிறது. பிற்பகலில் மின்சாரம் திரும்பியதும், வாக்கியத்தின் நடுவிலேயே அந்தக் குரல் மூழ்கிவிடுகிறது. வானொலி நிலையங்களுக்கு அனுப்பும் ஒலியேற்பு அறிக்கையில் இரைச்சலுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட வேண்டும். மிகக் கடுமையான இரைச்சலுக்கு 1. என் குறிப்பேட்டில் அந்தக் கட்டத்தில் மின்தடை நாள்களைத் தவிர மற்ற நாள்களில் 1 என்றே எழுதிவருகிறேன். ஒரு குடிமகன் தான் விரும்புகிற ஒன்றைச் செய்வதற்கு மின்சாரம் நிற்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை நியாயமா என்று தாங்களே சொல்லுங்கள். பராமரிப்புக்கென்றே மின்சாரத்தை நிறுத்தி, மரக்கிளைகளை வெட்டிக்கொண்டு அதே பாலத்தைக் கடந்துபோகும் ஊழியர்கள், அந்த ஒரு கம்பத்தில் ஏறாமல் போவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

‘இந்தக் காலத்தில் ரேடியோ யார் சார் கேட்கிறார்கள், செல்போனில் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்றும் எனக்கு அறிவுரை கூறப்பட்டது. கைப்பேசிச் செயலியில் ஆகாசவாணி வருவது எனக்கும் தெரியும். அது இணையம் கொண்டுவந்து கொடுப்பது. ஒரு கோபுரத்திலிருந்து புறப்பட்ட அலை, நடுவில் எவர் தயவும் இன்றி நிலத்தைத் தடவி என் சுருளுக்கு வந்து சேர்வதைக் கேட்பதும் அதுவும் ஒன்றாகா. அன்றியும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் எத்தனை நாள் கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள் என்பதை நம் மலையடிவாரத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நாட்டில் மத்திய அலை ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறார்கள். தளர்ந்த கம்பிகளும், தரமற்ற எல்.இ.டி. விளக்குகளும், மலிவு சார்ஜர்களும், மாடிதோறும் வந்துள்ள இன்வெர்ட்டர்களும் சேர்ந்து எத்தனை வீடுகளில் வானொலியைக் கேட்க முடியாததாக்கின என்பதை எவராவது எண்ணிப் பார்த்தார்களா? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த செங்கோட்டைச் சீமை இது. எல்லைக் கோடு மாறிய பிறகும் மலைக்கு அந்தப்புறத்துச் செய்தியையும் இந்தப்புறத்துச் செய்தியையும் ஒரே பெட்டியில் கேட்டு வளர்ந்த வீடுகள் இங்கே ஏராளம். அந்தப் பழக்கத்தை ஒரு கட்டுக்கம்பியின் தளர்ச்சிக்குப் பலிகொடுக்க எனக்கு மனமில்லை.

என் பொழுதுபோக்கைத் தாங்கள் ஒரு பொருட்டாக எண்ணாவிட்டாலும், கம்பத்தையாவது எண்ணிப் பாருங்கள். ஓயாமல் பொறியும் இணைப்பு அரித்துக்கொண்டே போகிறது. ஒருநாள் கட்டு விட்டுப்போய்க் கம்பி தாழ்ந்தால், அதன் கீழேதான் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். வாய்க்காலுக்கு மாடுகள் இறங்குகின்றன. என் பெட்டி இரைவது அந்த ஆபத்தை முன்கூட்டியே அறிவிக்கும் எச்சரிக்கை. அதை இலவசமாகத் தங்களுக்குத் தெரிவித்தவனைத் தொல்லை கொடுப்பவன்போல் நடத்தியது எனக்கு வருத்தமளித்தது.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன். வெயிலிலும் காற்றிலும் கம்பம் ஏறும் லைன்மேன்களின் உழைப்பின்மீது எனக்குக் குறையேதும் இல்லை. நான் வேண்டுவதெல்லாம், மழை பெய்து சில நாள்களேனும் கழிந்த ஒரு வறண்ட நடுப்பகலில், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கள் ஊழியர் ஒருவர் சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டியோடு வந்து கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். அடுத்த பராமரிப்பு நாளில் அந்தக் கம்பத்தில் ஏறிக் கட்டுக்கம்பியையும் போல்ட்டையும் பீங்கானையும் சரிசெய்ய வேண்டும். பெட்டி இல்லையெனில் என்னுடையதைத் தருகிறேன். வருவதற்கு முதல்நாள் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் பாலத்தருகே வந்து நிற்பேன். வேலை முடியும் வரை மூடப்பட்ட புகாரை மறுபடி திறந்து வைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பிரிவின் மின் நுகர்வோரும் வானொலி நேயருமான ஒருவர்