வெல்வார்களா என்று கேட்டாய்

பாரிஸ்,
2025 டிசம்பர் 7

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீ மறுபடியும் சைக்கிளில் சந்தைக்குப் போய்வருகிறாய் என்பதை வாசித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்ததற்குத்தான் உடனே பதில் எழுத முடியவில்லை. பிரான்சின் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசியப் பேரணி 2027 ஜனாதிபதித் தேர்தலில் வென்றுவிடும் போலிருக்கிறதே, வென்றால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் நீ கேட்டாலும் அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

இரண்டாவதற்குப் பதில் சொல்வது சுலபம். நானும் மனைவியும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள், மகள் இங்கேயே பிறந்தவள்; எங்களை எவரும் விமானம் ஏற்ற முடியாது. ஆனால் பத்து வருட விசாவிலேயே காலத்தை ஓட்டிவிட்ட நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மரீன் லூ பென்னின் தேசியப் பேரணிக் கட்சி, அரச வீடுகளிலும் கொடுப்பனவுகளிலும் பிரெஞ்சுக்காரருக்கே முதலிடம் என்கிறது; வெளிநாட்டவருக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் பதினெட்டு வயதில் குடியுரிமை பெறும் வழியையும் அடைக்க வேண்டும் என்கிறது. அந்த விசாக்காரர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஜனாதிபதித் தேர்தல் இரண்டு சுற்றாக நடக்கும். முதல் சுற்றில் மக்கள் தாங்கள் விரும்புகிறவருக்கு வாக்களிப்பார்கள். இரண்டாம் சுற்றில், மிஞ்சிய இருவரில் யார் வரக்கூடாது என்று பார்த்து வாக்களிப்பார்கள். கருத்துக்கணிப்புகள் இப்போது முதல் சுற்றில் அந்தக் கட்சிக்கு முப்பது வீதத்துக்கு மேல் காட்டுகின்றன, அதை நானும் நம்புகிறேன். வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது அந்த எண்ணிக்கை அல்ல. அவர்களைப் பிடிக்காதவர்களில் எத்தனை பேர், தங்களுக்கும் பிடிக்காத இன்னொருவருக்கு வாக்களிக்க மனமிசைந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு இறங்குவார்கள் என்பதே தீர்மானிக்கிறது, அதைக் கருத்துக்கணிப்பால் நன்றாக அளக்க முடிவதில்லை.

2002 ஏப்ரல் 21 எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. அப்போது குடியுரிமை இல்லை, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதைய வலதுசாரி ஜனாதிபதி ஷிராக்கும் இடதுசாரிப் பிரதமர் ஜொஸ்பனும்தான் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள் என்று எல்லோரும் அடித்துச் சொல்லியிருந்தார்கள். இரவு எட்டு மணிக்குக் குசினி வானொலியில் முடிவு வந்தபோது, தலைமைச் சமையற்காரர் அகப்பையைச் சட்டிக்குள் விட்டபடியே நின்றுவிட்டார். மரீனின் தந்தை ஜான்-மரி லூ பென் 16.86 வீதம் எடுத்து, 16.18 வீதம் எடுத்த ஜொஸ்பனைப் போட்டியிலிருந்தே வெளியேற்றியிருந்தார். சாஸ் அடிப்பிடித்த மணம் வரும்வரை ஒருவரும் அசையவில்லை. மே முதலாம் திகதி நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் தெருவில் இறங்கினார்கள்; இரண்டாம் சுற்றில் இடதுசாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஷிராக்குக்கே போட்டார்கள். அவருக்கு 82.21 வீதம் கிடைத்தது. இந்த மதில் இருக்கும்வரை இவர்கள் வரமாட்டார்கள் என்று அன்று இரவு உனக்குத் தொலைபேசியில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

மதில் இருக்கிறதுதான், ஆனால் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. 2017 ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் மரீனுக்கு எதிராக ஜனாதிபதி மக்ரோன் 66.1 வீதம் எடுத்தார், 2022இல் 58.55 வீதம்தான். அந்த 2022 தேர்தலில் எங்கள் வீட்டிலேயே ஒரு கல் பெயர்ந்தது. உனக்கு இங்கத்தைய வாக்களிப்பு முறை தெரியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு மேசையில் அடுக்கியிருக்கும். நாம் யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாதபடி இரண்டு பேரின் சீட்டையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், ஒன்றை உறையில் வைத்து, கண்ணாடி போன்ற பெட்டிக்குள் போட வேண்டும். போட்டவுடன் அலுவலர் "வாக்களித்தார்" என்று உரக்கச் சொல்வார். அன்று வெளியே வந்த மகளின் கையில் இரண்டு சீட்டும் இருந்தன. வெற்று உறையைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். "ஒவ்வொரு முறையும் அவளைக் காட்டிப் பயமுறுத்தியே என் வாக்கை வாங்கிக்கொண்டு, பிறகு என்னை மறந்துவிடுகிறார்கள் அப்பா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் மறுத்துப் பேச வாய் வரவில்லை. அன்று வாக்காளர்களில் 28 வீதம் பேர் சாவடிப் பக்கமே வரவில்லை.

இப்படி எழுதினால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. 2024 ஜூன் 9 ஐரோப்பியத் தேர்தலில் கட்சித் தலைவர் ஜோர்தான் பார்தெல்லா தலைமையிலான தேசியப் பேரணியின் பட்டியல் 31.37 வீதம் எடுத்தது. பிரான்சின் ஊராட்சிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் முதலிடம். அன்று இரவே மக்ரோன் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அதனால் வந்த நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றிலும் அவர்களே முந்தினார்கள். பெரும்பான்மை கிட்டுமா இல்லையா என்பதுதான் சந்தேகம் என்று கணிப்பாளர்கள் பேசத் தொடங்கினார்கள். பாரிசில் நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அந்த வாரம் வியாபாரத்தை விட அந்தப் பேச்சே அதிகம் நடந்தது. ஆனால் மும்முனைப் போட்டி இருந்த தொகுதிகளில் இடதுசாரிகளும் மக்ரோன் பக்கத்தவருமாக 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் ஒருவருக்காக ஒருவர் விலகிக்கொண்டார்கள். ஜூலை 7 இரவு எட்டு மணிக்கு முடிவு வந்தபோது, முதலிடம் என்று கணிக்கப்பட்டவர்கள் கூட்டாளிகளோடு சேர்த்து 143 ஆசனங்களுடன் மூன்றாம் இடத்தில் இருந்தார்கள். ஆனாலும் தனிக்கட்சி என்று பார்த்தால், இன்று நாடாளுமன்றத்தில் மிகப் பெரிய குழு அவர்களுடையதே.

யார் இவர்களுக்கு வாக்களிக்கிறார்கள் என்று நீ நினைக்கிறாய்? என்னோடு பதினேழு வருடம் ஒரே அடுப்பில் நின்றவர் ஒருவர், வடக்கே எனின்-போமோன் பக்கத்தவர். தகப்பன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, குடும்பமே கம்யூனிஸ்ட். அந்தப் பகுதியின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு வந்த வேலைகளும் ஒவ்வொன்றாகப் போயின. எனின்-போமோனில் 2014 முதல் அந்தக் கட்சிக்காரர்தான் நகரபிதா. என் குடியுரிமை விண்ணப்பத்தின் கடிதங்களை எழுத்துப் பிழை பார்த்துத் தந்தவர் இந்த மனிதர்தான். மரீனுக்கு வாக்களிப்பவரும் இவர்தான். பெற்றோல் விலை, மூடப்பட்ட பிரசவ விடுதி, தாயைப் பார்க்க மருத்துவர் கிடைக்காதது என்று தொடங்கி, இரண்டாம் கிளாஸ் வைனில் வெளிநாட்டவரில் வந்து நிற்பார். அவருடைய கிராமத்தில் வெளிநாட்டவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவரிடம் நான் கண்டது வெறுப்பு என்று சொல்லமாட்டேன். தனக்குக் கிடைக்காமல் போனது யாருக்கோ கிடைக்கிறது என்ற எண்ணம் அது. 2015 நவம்பர் 13 இரவு பாரிசிலும் புறநகரிலும் பயங்கரவாதத் தாக்குதல்களில் 130 பேர் கொல்லப்பட்ட பிறகு அந்த எண்ணத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது.

நம்மவர்களைப் பற்றியும் எழுதாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். லாச்சப்பல் மெற்றோப் பாலத்துக்குக் கீழே சூடானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் வந்தவர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். 2015 ஜூனில் பொலிசார் அதை அகற்றினார்கள். அந்த நாட்களில் நம் கடைக்காரர் ஒருவர், "இவங்களுக்கெல்லாம் விசா குடுத்தா நாடு என்னாகிறது?" என்று என்னிடமே கேட்டார். அவரும் நானும் ஒரே வருடத்தில் வந்து, ஒரே அறையில் ஒன்பது பேராகப் படுத்து, ஒரே மொழிபெயர்ப்பாளரிடம் அகதி விண்ணப்பம் எழுதியவர்கள். கறிவேப்பிலைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார். இப்போது அவருக்கு வாக்குரிமை இருக்கிறது. யாருக்குப் போடுகிறார் என்று நான் கேட்பதில்லை.

ஆட்சிக்கு வராமலே மரீனின் கட்சியினர் பாதி வென்றுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2023 டிசம்பரில் மக்ரோன் அரசு கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்துக்கு அவர்களும் வாக்களித்து, அதைத் தங்கள் கருத்தியல் வெற்றி என்று மரீன் சொன்னார். சட்டங்கள் அரசியலமைப்புக்கு ஏற்றவையா என்று பார்க்கும் அரசியலமைப்புச் சபை அதன் 86 பிரிவுகளில் 35ஐ வெட்டியது, மிஞ்சியவை சட்டமாகின. வரும் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து குடியுரிமை கேட்பவர்கள் முன்பை விட ஒரு படி உயர்ந்த பிரெஞ்சுப் பரீட்சையில் தேற வேண்டும். எங்கள் குசினியில் ஒரு தம்பி வெங்காயம் உரித்தபடி வினைச்சொல் வாய்ப்பாடு பாடமாக்குகிறான். கண்ணீர் எதனால் வருகிறது என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள்.

மரீன் போட்டியிடுவாரா என்பதே இன்னும் தெரியாது. ஐரோப்பிய நாடாளுமன்றப் பணத்தைக் கட்சிக்குப் பயன்படுத்திய வழக்கில் கடந்த மார்ச் 31ஆம் திகதி ஐந்து வருடம் போட்டியிட முடியாதென்று தீர்ப்பாகி, உடனே அமுலுக்கும் வந்தது. மேல்முறையீடு ஜனவரியில் தொடங்குகிறது. அது தோற்றால் பார்தெல்லா நிற்பார். முப்பது வயது, பாரிசின் புறநகரில் இத்தாலியப் பின்னணியில் வளர்ந்த பிள்ளை. நன்றாக உடுத்துவார், சிரித்துப் பேசுவார். தந்தை லூ பென்னைக் கண்டு முகம் சுளித்த கிழவிகளும் இவரோடு நின்று படம் எடுக்கிறார்கள். அவர் நின்றால் இரண்டாம் சுற்று உண்மையாகவே கடுமையாக இருக்கும். எதிரே நிற்பவர் யார் என்பதில்தான் மீதியெல்லாம் இருக்கிறது, எதிர்ப்பக்கத்தில் இன்று பத்துப் பேர் நிற்க ஆசைப்படுகிறார்கள். 2002இல் சொன்னதுபோல் "வரமாட்டார்கள்" என்று இன்று உனக்கு என்னால் சொல்ல முடியாது. தோற்பார்கள் என்றே இன்னும் நினைக்கிறேன், பந்தயம் கட்டச் சொன்னால் கட்டமாட்டேன்.

வடக்கு நண்பர் சென்ற வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். அவர் வந்தால் தான் அந்த மேசையில் உட்காரப்போவதில்லை என்று மகள் சொல்லிவிட்டாள். ஆட்டுக்கறியா மரக்கறியா என்று யோசிக்க வேண்டிய மனைவி, எந்தக் கதிரையை எங்கே போடுவது என்று இப்போதே கணக்குப் பார்க்கிறாள். என்ன நடந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ கேட்ட முழங்கால் பட்டியை, மாதக் கடைசியில் ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்