மாண்டன் மோர்லாண்டுக்கு ஓர் இடம்: தேசியத் திரைப்படப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பாதுகாப்பு வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

காக்க வேண்டிய அமெரிக்கப் படங்கள் என்று ஆண்டுதோறும் 25 படங்களை, உங்கள் ஆலோசனையின் பேரில், நூலகத்தின் தலைவர் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கிறார். பொதுமக்களும் ஆண்டுக்கு 50 படங்கள் வரை பரிந்துரைக்கலாம். எனக்கு 50 வேண்டாம், ஒன்று போதும். 1945இல் மோனோகிராம் நிறுவனம் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் க்ளூ'. சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளரின் கதை வரிசையில் வந்த சிறு பட்ஜெட் படம். கதையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் காரோட்டி பர்மிங்ஹாம் பிரவுனாக வரும் கறுப்பின நகைச்சுவை நடிகர் மாண்டன் மோர்லாண்டுக்காகத்தான் கேட்கிறேன்.

அந்தப் படத்தில் மோர்லாண்டும் பென் கார்ட்டரும் சந்தித்துப் பேசும் இடத்தைத் தயவுசெய்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். பழைய நண்பர்கள் இருவர் ஊர்க்கதை பேசுகிறார்கள். ஆனால் ஒரு வாக்கியம்கூட முடிவதில்லை. "நேத்து அவனைப் பார்த்தேன், அவன் இப்போ..." என்று ஒருவர் இழுத்தால், "அங்கேயா? அவன் அதை விட்டு..." என்று மற்றவர் பிடித்துக்கொள்வார். "அப்படியா, நான் நினைச்சேன் அவன் மனைவி..." "இல்லையில்லை, அது அவளோட..." (இது படத்தின் வசனம் இல்லை, போக்கைக் காட்ட நான் எழுதிப் பார்த்தது.) யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. அவர்கள் இருவருக்கும் எல்லாம் புரிகிறது. ஒருவர் அரை நொடி முந்தினாலோ பிந்தினாலோ மொத்தமும் குலைந்துவிடும். குலையவில்லை. கேமரா அதிகம் அசையாமல் நிற்கிறது, அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இது ஸ்டுடியோவில் பிறந்த நகைச்சுவை அல்ல. ஃப்ளோர்னாய் மில்லர், ஆப்ரே லைல்ஸ் என்ற இணை வாட்வில் (பாட்டு, ஆட்டம், நகைச்சுவைத் துணுக்குகள் கலந்த பல்சுவை) மேடைகளில் வளர்த்தெடுத்த ஆட்டம் இது. 1921இல் நியூயார்க்கைக் கலக்கிய 'ஷஃபிள் அலாங்' இசை நாடகத்துக்கு வசனம் எழுதியவர்களும் இவர்கள்தான். 1932இல் லைல்ஸ் இறந்தபின் மில்லருடன் மேடையேறியவர்களில் மோர்லாண்டும் ஒருவர். அப்புறம் மோர்லாண்டுக்கு இணையாகக் கார்ட்டர் வந்தார். கார்ட்டரும் 1946இல் இறந்துவிட்டார். ஆளிடமிருந்து ஆளுக்கு வாய்வழியாகவே வந்த ஒரு கலை, கறுப்பின ரசிகர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அரங்குகளில் வளர்ந்த கலை, படச்சுருளில் ஏறியது இப்படிப்பட்ட ஒரு சில காட்சிகளில்தான். ஒரு குணச்சித்திர நடிகரின் உடம்புக்குள் ஒரு மேடை மரபே இருந்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மோர்லாண்ட் 1902இல் லூசியானா மாநிலத்தின் மன்றோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகப் போகும் காட்சிக் குழுக்களிலும் வாட்வில் மேடைகளிலும் தொழில் கற்றார். 1930களில் ஹாலிவுட் வந்தவருக்குக் கிடைத்தது வேலைக்காரன், சுமைதூக்கி, காரோட்டி. பர்மிங்ஹாம் பிரவுனாக மட்டும் 1944 முதல் 1949 வரை 15 படங்கள்.

உங்களுக்கு வரக்கூடிய தயக்கம் எனக்குப் புரிகிறது. அந்த வேடங்கள் இழிவானவைதான். இருட்டைக் கண்டால் விழி பிதுங்கி நடுங்கும் கறுப்பின வேலைக்காரன் என்ற அச்சிலேயே அவரைத் திரும்பத் திரும்ப வார்த்தார்கள். 1942இல் கறுப்பின உரிமைச் சங்கத்தின் வால்டர் ஒயிட் ஹாலிவுட் முதலாளிகளிடம் போய் இந்த அச்சு வேடங்களை எதிர்த்துப் பேசியது முழுக்க நியாயம். இந்தப் படத்தில் இன்னொரு அவமதிப்பும் உண்டு. சீனத் துப்பறிவாளராக நடித்த சிட்னி டோலர் மிசூரியில் பிறந்த வெள்ளையர். மகனாக வரும் பென்சன் ஃபாங்தான் உண்மையில் சீன வம்சாவளி.

ஆனால் அந்தப் போராட்டம் வென்றபோது, அச்சை வார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது வேடம் எழுதித் தந்திருக்க வேண்டியவர்கள் பழைய வேடத்தை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். வேலை போனது நடிகருக்குத்தான். 1950களில் மோர்லாண்டுக்குப் படங்கள் அநேகமாக இல்லை. 1957இல் பிராட்வேயில் முழுக்கக் கறுப்பின நடிகர்களோடு 'வெயிட்டிங் ஃபார் கோடோ' நாடகம் போட்டபோது, அதன் இரு முக்கிய வேடங்களில் ஒன்றான எஸ்ட்ரகான் அவர்தான். சில நாட்களிலேயே அது நின்றுபோனது. அதற்கு முந்தைய ஆண்டு அதே வேடத்தை பிராட்வேயில் செய்தவர் பெர்ட் லார். அவரும் வாட்வில் மேடையில் வளர்ந்தவர். அவர் கோழைச் சிங்கமாக வந்த 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்', 1989இல் பதிவேட்டுக்கு அறிவிக்கப்பட்ட முதல் 25 படங்களில் ஒன்று. லாருக்கு அது தகும். ஒரே பள்ளியில் தேறிய இருவரில் ஒருவருக்குச் சிங்க வேடமும் மற்றவருக்குக் காரோட்டித் தொப்பியும் கிடைத்ததே, அந்த வரலாறும் பதிவேட்டில் இருக்க வேண்டாமா?

மோர்லாண்டின் முகம் பதிவேட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். 2020இல் சேர்த்த 'கேபின் இன் தி ஸ்கை' படத்தில் நரகத்தின் யோசனைக்காரர்களில் ஒருவராக வருகிறார். கண் சிமிட்டினால் தவறிவிடும் அளவுக்கு. அதை அவர் தொழிலுக்கான அங்கீகாரமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனவெறி இருக்கும் படத்தைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லியிருக்கிறீர்கள். கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினரை வீரர்களாகக் காட்டிய 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' 1992 முதல் உங்கள் பட்டியலில் இருக்கிறது. பதிவேட்டில் இருப்பது பாராட்டுப் பத்திரம் அல்ல, பாதுகாக்க வேண்டிய சான்று என்பதுதானே உங்கள் நிலைப்பாடு? இழிவுபடுத்தியவர்களின் படத்துக்குப் பொருந்தும் நியாயம், இழிவான வேடத்துக்குள்ளும் தன் கலையை விடாமல் காத்தவருக்கும் பொருந்தட்டும்.

சேர்க்கும்போது இன்னொன்றும் செய்யுங்கள். படத்துக்கான குறிப்பைச் சார்லி சானில் தொடங்காதீர்கள். மோர்லாண்ட், கார்ட்டர் பெயர்களை முதல் வரியில் போடுங்கள். மில்லர், லைல்ஸ் பெயர்களை அடுத்த வரியில் போடுங்கள். டோலரின் ஒப்பனையைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதுங்கள். மோர்லாண்ட் 1973இல் இறந்தார். அவருக்குரிய மரியாதையை நேரில் கொடுக்க இனி வழியில்லை, எழுத்திலாவது கொடுங்கள்.

அன்புடன்,
பழைய படங்களின் ரசிகர் ஒருவர்